வலி காலில், கோளாறு முதுகில்

நம் சங்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இடுப்பு வலியில் வந்து நிற்கிறது. ஒருவர் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டார். இன்னொருவர் பெல்ட் போட்டிருக்கிறார். மூன்றாமவருக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மூவருக்கும் வியாதியின் பெயர் ஒன்றே: 'டிஸ்க் விலகிவிட்டது.'

நான் டாக்டர் அல்லன். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் கோளாறு தேடிக்கொண்டிருந்தவன். படித்தும், டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் மும்பைக் குடும்பங்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன். மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை. சரியான டாக்டரிடம், சரியான விவரத்தோடு, சரியான நேரத்தில் போய்ச் சேருவது எப்படி என்பது மட்டுமே இங்கு விஷயம்.

டிஸ்க் என்பது என்ன?

நம் முதுகெலும்பில் 33 எலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருப்பவைதான் டிஸ்க்குகள், மொத்தம் 23. தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். டிஸ்க்கின் வேலையும் அதுதான். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள்.

கேரம் காய் நழுவுவது போல டிஸ்க் நழுவுவதில்லை. வளையத்தில் விரிசல் விழுந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்குகிறது. அது பக்கத்தில் போகும் நரம்பு வேரில் பட்டால் புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும் வலி உண்டாகிறது. 'சயாட்டிகா' என்பது இதுதான். பிதுங்கிய டிஸ்க்குக்கும் இந்தக் கால் வலிக்கும் உள்ள தொடர்பை 1934ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் விளக்கி எழுதினார்கள். அதற்குப் பிறகே உலகம் அதைப் பரவலாக ஒப்புக்கொண்டது.

கோளாறு தேடும் முறை

ஸ்டேஷனில் ஒரு பாயிண்ட் நகரவில்லை என்றால் கோளாறு பாயிண்டிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அரை கிலோமீட்டர் தள்ளிக் கேபிளில் இருக்கலாம். எந்த சர்க்யூட் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிப்போம். நல்ல எலும்பு டாக்டரும் அதையேதான் செய்கிறார்.

டிஸ்க் பிதுங்குவது பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு இடங்களில். நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே என்றால், வலியும் மரமரப்பும் காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேற்புறத்துக்கும் கட்டைவிரலுக்கும் போகும். கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். அதற்கு அடுத்த கீழ் இடம் என்றால் கெண்டைக்கால், உள்ளங்கால், சுண்டுவிரல் பக்கம் போகும். நுனிக்காலில் நடப்பது சிரமமாகும். டாக்டர் சிறு சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் துள்ளாது.

ஆகவே நல்ல டாக்டர் உங்களைக் குதிகாலால் நடக்கச் சொல்வார், நுனிக்காலால் நடக்கச் சொல்வார். மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார். 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்ந்தது போல வலி இறங்கினால் நரம்பு அழுத்தப்படுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். இதற்கெல்லாம் சில நிமிடங்கள்தான் ஆகும். தொட்டுப் பார்க்காமல், நடக்கவிடாமல், படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆபரேஷன் என்று சொன்னால், இன்னொருவரிடமும் காட்டுவது நல்லது.

எல்லா இடுப்பு வலியும் டிஸ்க் வலி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். தசைப்பிடிப்பே மிகுதி. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிறது என்றால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். வயதானவர்களுக்கு இது சகஜம். இளைஞர்களுக்குக் காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் குறைகிறது என்றால் அது வேறு வகை வாதம். அதற்கு ருமட்டாலஜி டாக்டர். சிறுநீரகக் கல், இடுப்பு மூட்டுத் தேய்மானம், அக்கி ஆகியவையும் இதே வேஷத்தில் வரும்.

படம் எப்போது?

தலைவலி வந்தால் மாத்திரை என்பது போல, இடுப்பு வலி என்றால் எம்.ஆர்.ஐ. என்று ஆகிவிட்டது. வலியே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்து 2015ல் வெளிவந்த தொகுப்பு ஒன்றில், 20 வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்கும் 80 வயதினரில் 84 பேருக்கும் டிஸ்க் புடைப்பு காணப்பட்டது. நரைமுடி மாதிரிதான். எனவே ரிப்போர்ட்டில் 'புடைப்பு', 'தேய்மானம்' என்ற சொற்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம். படத்தில் தெரியும் இடமும், காலில் வலி போகும் வழியும், டாக்டர் சோதித்துக் கண்டதும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் கோளாறு பிடிபட்டது என்று அர்த்தம்.

அபாய அறிகுறி இல்லாதவர்களுக்கு முதல் ஆறு வாரம் பெரும்பாலும் படம் தேவைப்படாது. அநேகருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி நன்கு குறைந்துவிடுகிறது. பிதுங்கிய பொருள் தானே சுருங்குவதும் உண்டு. முன்பெல்லாம் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு முடிந்த அளவு நடமாட்டம். பேரக்குழந்தையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், மாலிஷ்காரரிடம் இடுப்பை முறித்துவிடச் சொல்வதும் வேண்டவே வேண்டாம்.

ஆறு வாரம் காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது, நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உடனே காட்ட வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. அதற்கு மருந்து உண்டு, தாமதம்தான் கெடுக்கும்.

ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாதது

இதைத் தனியாக எழுதுகிறேன். சிறுநீர் வராமல் நின்றுபோவது, அல்லது தெரியாமலே போவது; மலம் அடக்க முடியாமல் போவது; சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் இடம் முழுதும் மரத்துப்போவது; இரண்டு காலிலும் பலம் குறைந்துகொண்டே வருவது. டிஸ்க் வலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நரம்புக் கற்றை முழுதும் நசுங்குகிறது என்று பொருளாகலாம். அன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மகாராஷ்டிரத்தில் 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும்.

மொழி என்னும் தடை

வெளியூரில் வாழும் நமக்கென்றே உள்ள சங்கடம் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்திருப்போம். அம்மா, "காலு மதமதன்னு இருக்குப்பா" என்பார். மகன் டாக்டரிடம் அதை 'தர்த்' என்று சொல்லிவிடுவார். மதமதப்பு வலி அல்ல, மரத்துப்போதல். டாக்டரின் கணக்கே அங்கு மாறிவிடுகிறது. சில சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது:

மரத்துப்போதல்: ஹிந்தியில் சுன்ன், மராத்தியில் பதீர்.
எறும்பு ஊர்வது போல: ஹிந்தியில் ஜுன்ஜுனி, மராத்தியில் முங்க்யா யேணே. (முங்க்யா என்றால் எறும்புகள்தான். மராத்தியர்களும் நம்மைப் போலவே சொல்கிறார்கள்.)
எரிச்சல்: ஹிந்தியில் ஜலன், மராத்தியில் ஜள்ஜள்.
பலக்குறைவு: ஹிந்தியில் கம்ஸோரி, மராத்தியில் தாகத் கமீ.
சிறுநீர்: ஹிந்தியில் பேஷாப், மராத்தியில் லக்வி.

இதைவிடப் பெரியது கூச்சம். டாக்டர் சிறுநீரைப் பற்றிக் கேட்கிறார். மகன் தமிழில் கேட்கிறார். மகனுக்கு எதிரே எந்தத் தாய் சொல்வார்? "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொள்வார். டாக்டர் கேட்பதிலேயே மிக முக்கியமான கேள்வி அதுதான். எனவே அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகும்போது கூட ஒரு பெண் போகட்டும். அந்தக் கேள்வியை வீட்டிலேயே, தனியாக, முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

யாரிடம் போவது?

முதலில் குடும்ப டாக்டர். பிறகு எம்.எஸ். ஆர்த்தோ, டி.என்.பி. ஆர்த்தோ அல்லது டி.ஆர்த்தோ படித்த எலும்பு டாக்டர். எலும்பு டாக்டர்களிலும் முழங்கால் பார்ப்பவர், தோள் பார்ப்பவர், முதுகெலும்பு மட்டும் பார்ப்பவர் என்று பிரிவுகள் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். மூளை நரம்பு அறுவை நிபுணர்களும் முதுகெலும்பு பார்க்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் உடற்பயிற்சியில் தேர்ந்தவர். அவருடைய உதவி அவசியம், ஆனால் நோயை முதலில் நிர்ணயிக்க வேண்டியவர் டாக்டர். மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மும்பையில் பரேல் கே.ஈ.எம்., சயன், நாயர் ஆகிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் எலும்புப் பிரிவு உண்டு. கூட்டம் அதிகம்தான், அனுபவமும் அதிகம். ஹாஜி அலி அருகே 1955ல் தொடங்கிய அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. என்னைப் போன்ற ரயில்வே ஓய்வுதாரர்கள் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், பைகுல்லா அல்லது மும்பை சென்ட்ரல் ரயில்வே ஆஸ்பத்திரியில் தொடங்கலாம்.

ஆபரேஷன் என்று சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த நரம்பு, எந்த இடம்? எனக்குக் குறையப் போவது கால் வலியா, இடுப்பு வலியா? இன்னும் ஆறு வாரம் பொறுத்தால் என்ன நஷ்டம்? இந்த ஆபரேஷனை நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள்? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். டிஸ்க் ஆபரேஷன் முக்கியமாகக் கால் வலிக்கானது. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2007ல் வெளியான ஓர் ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி விரைவில் குறைந்தது. காத்திருந்தவர்களில் சிலருக்குப் பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆனால் ஒரு வருடம் கழித்து இரு சாராரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கால் பலம் குறைந்துகொண்டே போனால் மட்டும் காத்திருப்பது கூடாது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி எப்போது தொடங்கியது, எந்த வழியாக இறங்குகிறது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, சாப்பிடும் மருந்துகள், சர்க்கரை, ரத்த அழுத்தம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் முதல் வரியாக எழுதுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களில் மராத்தியும் ஹிந்தியும் சரளமாகப் பேசும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த தாய்மார்களுக்கு ஆஸ்பத்திரியில் துணையாகப் போய் மொழிபெயர்த்துச் சொல்ல, மாதத்தில் ஒரு காலை நேரம் தரக்கூடியவர்கள் பெயர் கொடுத்தால் போதும். பட்டியல் தயாரிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.