மலை மரமும் மண் தட்டும்

பொன்சாய் என்றவுடன் பட்டினி போட்டு வளர்க்கப்பட்ட ஒரு குறள் மரத்தையே நம்மிற் பலர் எண்ணிக்கொள்கின்றனர். நேயர்களே, இவ்வெண்ணம் தவறானது. தட்டில் நட்டது என்பதே அந்த யப்பானியச் சொல்லின் பொருள். தட்டிலே நிற்கும் பைன் மரம் பிறவியிற் குள்ளமானதன்று. அதன் விதையை நிலத்தில் ஊன்றினால் ஏனைய பைன் மரங்களைப் போலவே ஓங்கி வளரும். வேரையும் கிளையையும் காலமறிந்து நறுக்குவதாலும், வேரோடும் இடத்தை வரையறுப்பதாலுமே அது சிறுத்து நிற்கின்றது. நீரும் உரமும் அதற்குக் குறைவின்றி அளிக்கப்படுகின்றன. கடுங்கோடையில் ஒரு நாள் நீர் வார்க்கத் தவறினும் வாடிப்போகக்கூடிய மரத்தைப் பட்டினி போட்டு வளர்ப்பது எங்ஙனம்?

சீனரிடமிருந்து யப்பானியர் பெற்ற கலை இது. 1309ஆம் ஆண்டளவில் யப்பானில் வரையப்பட்ட ‘கசுகா கொங்கென் கெங்கி’ என்னும் ஓவியச் சுருளில், தட்டில் நட்ட சிறு மரங்களைக் காணலாம். விதையிட்டும், கொம்பு நட்டும், பதிவைத்தும் இம்மரங்களை உண்டாக்கலாம். எனினும், மலையிலே தானாக முளைத்து முதிர்ந்த மரத்தைப் பெயர்த்து வந்து வளர்ப்பதையே வல்லுநர் பெரிதும் போற்றினர். அத்தகைய மரத்துக்கு ‘யமதோரி’ என்று பெயர். மலையிலிருந்து கொண்டது என்பது பொருள்.

மலை மரத்துக்கு இத்துணை மதிப்பு ஏன்? நூறு, இருநூறு ஆண்டுகளாகக் காற்றும் பனியும் செய்த வேலையை ஒரு மனிதன் தன் ஆயுளிற் செய்து முடித்தல் இயலாது. பாறைப் பிளவில் ஒரு பிடி மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும் மரத்தின் கிளைகளைப் பனிச்சுமை கீழே வளைக்கின்றது. உருண்டு வரும் கல் அதன் பட்டையை உரிக்கின்றது. அடிமரத்தின் ஒரு பக்கம் மாண்டு, வெயிலில் வெளுத்து, எலும்புபோல் நிற்க, மறுபக்கத்தில் ஒரு கீற்று உயிர்ப்பட்டை மாத்திரம் உச்சிக்கு உணவும் நீரும் கடத்துகின்றது.

யப்பானின் நீகாத்தா மாகாணத்தில், கடலோரமாக இத்தோயிகாவா என்றோர் ஊர் உண்டு. அதனை அடுத்துள்ள சுண்ணக்கல் மலைகளின் செங்குத்தான முகங்களில் ‘ஷிம்பாக்கு’ என்னும் ஊசியிலை இனத்து மரம் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மரந்தேடிகள் இடையிற் கயிறு கட்டி அப்பாறைகளில் இறங்கினர். தவறி விழுந்து உயிர் துறந்தோரும் உளர். எட்டக்கூடிய இடங்களிலெல்லாம் மரம் அருகிப்போகச் சில பத்தாண்டுகளே போதுமானவையாயின. இன்று ‘இத்தோயிகாவா’ என்னும் பெயரோடு பல நாடுகளிலும் வளர்வன, பெரும்பாலும் அம்மலை மரங்களின் கொம்புகளை நட்டு உண்டாக்கிய வழித்தோன்றல்களே. மலை வெறுமையானபின் கைக்கொண்ட இம்முறையை முன்னரே கைக்கொண்டிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகின்றது.

மரத்தைப் பெயர்த்தல் கிழங்கு அகழ்வது போன்ற செயலன்று. தடித்த வேர்கள் மரத்தைத் தாங்குவன; நீரை உறிஞ்சும் நுண்வேர்களோ அவற்றின் நுனியிலே, தொலைவில் இருக்கின்றன. அவசரக்காரர் தடித்த வேரை அறுத்துத் தூக்கிச் செல்கிறார். அருந்தும் வாய் மலையிலேயே தங்கிவிடுகின்றது. அறிந்தவரோ முதலாண்டில் மரத்தைச் சுற்றி அகழ்ந்து, சில வேர்களை மாத்திரம் அறுத்து, மண்ணை மீண்டும் மூடிவிட்டுத் திரும்பிவிடுவார். அடிமரத்தின் அருகே புதிய நுண்வேர்கள் தோன்றிய பின்னரே, ஓரிரண்டு ஆண்டுகள் கழித்து, குளிர்காலம் முடிந்து மொட்டு விரியுமுன் மரத்தை எடுப்பார். இம்முன்னேற்பாட்டை ‘நெமாவாஷி’ என்பர். யப்பானியக் காரியாலயங்களில், கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு இணக்கம் பெறுதலுக்கும் இன்று இச்சொல்லே வழங்குகின்றது.

கொண்டுவந்த மரத்தை உடனே அழகிய தட்டில் வைத்தலாகாது. பருமணல் நிரப்பிய மரப்பெட்டியில் அசையாதவாறு கட்டி, காற்றுப் படாத நிழலில் வைத்து, இலைகளுக்கு நீர் தெளித்து வருதல் வேண்டும். பைன் வேரிலே வெண்பூஞ்சணம் படர்ந்திருப்பின் கழுவிவிடலாகாது. அது வேருக்குத் துணை செய்வது. ஊசியிலை மரங்களின் பசுமையை நம்பவும் கூடாது. வேர் இறந்த பின்பும் பல மாதங்கள் அவை பச்சையாகவே நிற்கும்.

புதுத்தளிர் ஓங்கி, வேர் பிடித்தது உறுதியானபின்னரே வடிவமைப்புத் தொடங்கும். இதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லலாம். மரத்தின் முகம் எது என்று தேர்ந்து, வேண்டாத கிளைகளை நீக்கி, செப்புக் கம்பி சுற்றி, எஞ்சியவற்றைச் சிறிது சிறிதாக வளைப்பர். இறந்த பகுதியை வெட்டியெறியாமல், சுண்ணமும் கந்தகமும் சேர்ந்த கரைசலைப் பூசி, உளுத்துப்போகாமற் காப்பர். கம்பி பட்டைக்குள் அழுந்துமுன் கழற்றப்படும். பிள்ளைகளையும் இவ்வாறே கம்பி கட்டி வளைக்கவேண்டும் என்று உவமை கூறும் ஆசிரியர் உளர். நான் அதனை ஒப்புவதில்லை; பிள்ளை தட்டில் நிற்கப் பிறந்ததன்று.

இக்கலையில் விருப்பங் கொள்ளும் நம்மவர் காட்டை நாடிச் செல்லவேண்டியதில்லை. ஒதுக்கக் காடுகளில் அநுமதியின்றி மரம் எடுத்தல் குற்றமுமாகும். பழைய மதில்களிலும் கிணற்றுக் கட்டுகளிலும் ஆலும் அரசும் தாமே முளைத்து, ஒரு பிடி சாந்தைப் பற்றி, முறுகி நிற்கின்றன. கட்டடம் வெடிக்கும் என்று எப்படியும் அவற்றைப் பிடுங்கி எறியத்தான் போகிறோம். மாரி தொடங்கும்போது எடுத்தால், வேர் சிறிது குறைந்தாலும் இவ்வினம் பெரும்பாலும் தழைத்துவிடும். மதிலைச் சற்றே உடைத்துத்தான் வேரை எடுக்க நேரும். ஆகையால் மதிலுக்குரியவரை முன்னரே கண்டு பேசிக்கொள்ளுங்கள்.