முகமும் எண்ணும் சாட்சியமும்

எதிரே வருபவரைக் கண்டதும் 'இவர் இன்னார்' என நாம் அறிவது எவ்வாறு? ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வினாவை ஆராய்ந்தவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம். கண்ட உருவத்தை நினைவில் பதிந்துள்ள உருவத்தோடு ஒப்பிட்டே மனம் அடையாளம் காண்கிறது. அது ஒருவகை அனுமானம், அதில் பிழை நேரக்கூடும் என்று 'கிதாபுல் மனாழிர்' என்னும் தமது நூலில் அவர் விளக்கினார்.

இன்றைய முகமறி கருவிகள் செய்வதும் இவ்வொப்பீட்டையே. நீளமும் அகலமும் 256 புள்ளிகளாக அமைந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் 65,536 எண்கள் உள்ளன. இத்தகைய படங்களை ஆயிரக்கணக்கில் ஒப்பிடுவது அன்றைய கணினிகளுக்குப் பெருஞ்சுமை. முகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும் கூறுகளை மட்டும் பிரித்தெடுத்தால், ஒரு முகத்தைச் சுமார் 40 எண்களில் அடக்கலாம் என 1987இல் அமெரிக்க ஆய்வாளர்களான சிரோவிச், கெர்பி ஆகியோர் காட்டினர். 1991இல் டர்க், பென்ட்லண்ட் ஆகியோர் இதனை ஆளறியும் முறையாக வளர்த்தனர். 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஃபேஸ்நெட்' முறையில் ஒரு முகத்துக்கு 128 பைட்டுகளே போதுமாயின. பத்து இலட்சம் முகங்களின் குறிப்புகள் ஒரு சிறு நினைவகத்தில் அடங்கிவிடுகின்றன. கருவி மலிவானதன் இரகசியம் இச்சுருக்கமே.

ஆயினும், எவருடைய முகங்களைக் கொண்டு கருவி பயின்றது என்பது முக்கியமானது. 1987ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பயன்பட்ட 115 படங்களும் வெள்ளையின ஆடவருடையவை. 2019இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் சோதித்த மென்பொருள்கள் பலவற்றில், ஒருவரை வேறொருவராகக் கொள்ளும் பிழை, வெள்ளையரைவிட ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் 10 முதல் 100 மடங்கு வரை மிகுந்திருந்தது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் காவல்துறை, மங்கலான காட்சிப் பதிவொன்றுக்குக் கருவி காட்டிய ஒப்புமையைப் பின்பற்றிக் குற்றமற்ற கறுப்பினத்தவர் ஒருவரைக் கைது செய்து, சுமார் 30 மணி நேரம் காவலில் வைத்தது. அவர் தொடுத்த வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது. கருவியின் முடிவை மட்டும் கொண்டு எவரையும் கைது செய்வதில்லை எனக் காவல்துறை அதில் உடன்பட்டது.

மலிவானது ஒப்பீடுதான், விசாரணை அன்று. கருவி தருவது 'ழன்' எனும் ஊகமே. அது 'யகீன்' எனும் உறுதியாகாது. வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறும், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேராதிருக்குமாறும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. செய்தி கொணர்வது மனிதனாயினும் இயந்திரமாயினும் அக்கடமை நம்மைவிட்டு நீங்குவதில்லை.