சாய்ந்து உட்கார ஒரு தலைமாட்டு மெத்தை... நீங்களே செய்யலாம்!

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நேரே தூங்கிவிடுகிறவர்கள் இன்று எத்தனை பேர்? தலையணையை மடித்து முதுகுக்குக் கொடுத்து, செல்போனோ வார இதழோ கையில் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரமாவது கட்டிலில் சாய்ந்திருந்தால்தான் நமக்குத் திருப்தி. தலையணை என்ன செய்யும்? மெல்ல நழுவும். இடுப்பு முன்னே சரியும். தாடை நெஞ்சைத் தொடும். மறுநாள், "டாக்டர், பிடரி பிடிச்சுக்கிச்சு" என்று வந்து நிற்பீர்கள்!

இதற்குத் தைலம் தடவுவதற்கு முன், முதுகுக்கு ஒரு நல்ல பிடிமானம் கொடுங்கள். தலைமாட்டில் மெத்தை வைத்த பலகை இருந்தால் போதும். ஆனால் அதைச் செய்வதில் நான் ஒருமுறை சூடுபட்டவன். அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

சென்னையில் எங்களுடையது சின்ன ஃபிளாட். படுக்கையறை 10க்கு 10. ஒரு பிளைவுட் பலகையில் ஸ்பாஞ்ச் ஒட்டி, துணி போர்த்தி ஆணியடித்து, வெளிச்சுவரோடு ஒட்டினாற்போல் மாட்டினேன். பார்க்க ஜோராக இருந்தது. 2021 நவம்பரில் விடாமல் மழை பெய்தது. என் மனைவிக்குச் சின்ன வயதில் இழுப்பு உண்டு. பல வருஷமாக எட்டிப் பார்க்காத அந்த இழுப்பு திரும்ப வந்தது. ஆடாதோடைக் குடிநீர் கொடுத்தேன். பகலில் தணியும், ராத்திரி படுத்ததும் கூடும்.

ஒருநாள் அவளே சொன்னாள்: "என்னங்க, தலைமாட்டுல என்னமோ பூஞ்சை வாடை அடிக்குது. அதைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினேன். சுவரில் ஓதம். பலகையின் முதுகெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை! ஊருக்கெல்லாம் 'காரணத்தைத் தேடுங்கள்' என்று சொல்கிற நான், என் மனைவியின் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. பலகையை எடுத்து, சுவர்க் கசிவை அடைத்து, நுரையீரல் மருத்துவர் சொன்ன இன்ஹேலரையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் மூச்சு சீரானது.

அன்று கற்ற பாடம் இரண்டு. ஒன்று, பலகைக்குப் பின்னால் காற்று போக வேண்டும். இரண்டு, மெத்தை கழற்றி வெயிலில் போடும்படி இருக்க வேண்டும்.

பலகை

5 அடி அகலக் கட்டிலுக்கு 12 மி.மீ. பிளைவுட், 5 அடிக்கு 2½ அடி. கடையிலேயே அறுத்துத் தருவார்கள். மெத்தைக்கு மேலே 2 அடி தெரியட்டும். மீதி அரையடி கீழே இறங்கட்டும். இரண்டு பக்கமும் ஓரங்களிலும் பெயின்ட் அடியுங்கள்.

ஒரு அங்குலக் கனமுள்ள ரீப்பர் கட்டை மூன்றை, 2½ அடி நீளத்துக்கு வெட்டி, சுவரில் நெட்டுக்குத்தாக வையுங்கள். துளை போட்டு, பிளக் வைத்து, ஸ்க்ரூவால் முடுக்குங்கள். படுக்கை வாட்டில் வைத்தால் காற்று ஏறாது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள், உள்ளே ஒயர் ஓடும். பலகையின் பின்பக்கம் மேல் ஓரத்தில் ஆறு கொக்கிகளை முதலிலேயே திருகிவிட்டு, அப்புறம் பலகையைக் கட்டைகளோடு முடுக்குங்கள்.

மெத்தை

ஒரே பெரிய மெத்தை வேண்டாம். 20 அங்குல அகலம், 24 அங்குல உயரத்தில் மூன்று திண்டுகள். உள்ளே இலவம் பஞ்சு. ஔவையாரே ஆத்திசூடியில் சிபாரிசு செய்த பஞ்சு இது! இதன் இழையில் மெழுகுப் பசை உண்டு. ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. ஆனால் தொங்கும் திண்டில் பஞ்சு அடியில் இறங்கிவிடும். அதனால் மெத்தை தைப்பவரிடம் ஒன்பது இடத்திலாவது ஊடுருவித் தையல் போடச் சொல்லுங்கள். மேல் விளிம்பில் இரண்டு துணிக் காதுகள். அவை பலகைக்கு மேலாகப் போய்ப் பின்னால் கொக்கியில் மாட்டும். வெளியுறை ஜிப் வைத்த பருத்தித் துணி. பஞ்சு அடைக்கும்போது இழுப்பு உள்ளவர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

மொத்தக் கனம் 5 அங்குலத்துக்குள்தான். சின்ன அறையில் இடம் பிடிக்காது.

பராமரிப்பு

15 நாளைக்கு ஒருமுறை உறையை நல்ல வெந்நீரில் துவையுங்கள். வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் 60 டிகிரி சூட்டில் சாகும். திண்டுகளைக் கழற்றி மொட்டை மாடி வெயிலில் புரட்டிப் போடுங்கள். மழைக்காலத்தில் பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓதம் தெரிந்தால் முதலில் சுவரைச் சரிசெய்யுங்கள். இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். கொசுவத்திச் சுருளைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

உட்காரும்போது இடுப்பை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, நடு முதுகும் திண்டில் படும்படி உட்காருங்கள். புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். தூக்கம் வந்தால் அப்படியே சாய்ந்தபடி தூங்காமல், இறங்கி நீட்டிப் படுங்கள். கை மரத்துப்போனாலோ, வலி தோளுக்கு இறங்கினாலோ, இழுப்பு அடிக்கடி வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்த வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டுகளை மாடிக்குத் தூக்கிப் போவது என் வேலை. மனைவி உத்தரவு!