ஒரு மால்ட், ஒரு ஹாப்ஸ்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சப் பழகுபவர்கள் பெரும்பாலும் கடையில் விற்கும் தயார் பெட்டியில்தான் தொடங்குகிறார்கள். மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் எல்லாம் அளந்து வைத்திருக்கும்; தாளில் உள்ளபடி செய்தால் போதும். கொஞ்சம் கை பழகியதும் சொந்தக் குறிப்பு எழுதும் ஆசை வருகிறது. ஏழெட்டு வகை மால்ட், ஐந்தாறு வகை ஹாப்ஸ், தேன், ஆரஞ்சுத் தோல் என்று கண்டதையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். சுவை கெட்டால் எதனால் கெட்டது என்று தெரியாது. நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. இதுதான் பெரிய நஷ்டம்.

அனுபவசாலிகள் காட்டும் வழி எளிது: ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ்.

19 லிட்டர் பீருக்குச் சுமார் நாலரை கிலோ வெளிர் மால்ட் வேண்டும். அதை உடைத்து 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். வடித்த இனிப்புச் சாற்றை இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்ததும் 30 கிராம் காஸ்கேட் வகை ஹாப்ஸ். அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கையில் மேலும் 30 கிராம். நெடுநேரம் கொதித்த ஹாப்ஸ் கசப்பைத் தரும், ஆனால் அதன் வாசனை எண்ணெய்கள் ஆவியாகிவிடும். கடைசியில் போட்டதுதான் மணக்கும். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் நொதிக்கத் தொடங்கும்.

சாற்றின் அடர்த்தியை ஹைட்ராமீட்டர் காட்டும். தொடக்கத்தில் 1.050, நொதித்து முடிந்தபின் 1.010 என்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறக்குறைய ஐந்தே கால் சதவீதம்.

அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வெந்நீரின் சூட்டை 69 டிகிரிக்கு ஏற்றினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கூடும். பீர் கனமாக நாவில் தங்கும். இன்னும் வியப்பான சோதனையும் உண்டு. ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் அமெரிக்க ஏல் ஈஸ்ட், மற்றதில் பவேரியக் கோதுமை பீருக்கான ஈஸ்ட் போட்டுப் பாருங்கள். இரண்டாவதில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் எழும். வாழைப்பழமும் கிராம்பும் கிட்டேகூட வந்திருக்காது. எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. குறிப்பு எழுதுபவர் தானியத்தை மட்டும் யோசித்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்த அறிவு பரவச் சட்டம் வழிவிட வேண்டியிருந்தது. 1933-இல் அமெரிக்க மதுவிலக்கு முடிந்தபிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமாகவே நீடித்தது. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே அந்தக் கூட்டாட்சித் தடையை நீக்கியது. (தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது இன்றும் குற்றம்.) சார்லி பப்பாசியன் 1984-இல் வெளியிட்ட வீட்டு பீர்க் கையேடு பலருக்கு முதல் ஆசானாயிற்று. ரே டேனியல்ஸ், போட்டிகளில் முன்னேறிய பீர்களின் குறிப்புகளைத் திரட்டி, எந்த வகைக்கு எந்த மால்ட்டை எவ்வளவு போடுகிறார்கள் என்று கணக்கிட்டு 1996-இல் நூலாக்கினார். கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் 1976-இல் வீட்டு பீர்ச் சாமான் கடை திறந்த கென் கிராஸ்மன், சில ஆண்டுகளில் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். அதன் பேல் ஏல் என்ற பீருக்குப் பெயர் வாங்கித்தந்த கிச்சிலி மணம் காஸ்கேட் ஹாப்ஸ் தந்தது.

சரி, குறிப்பில் செய்த அந்த ஒரு மாற்றம் உண்மையிலேயே சுவையில் தெரிகிறதா? மூன்று கிளாஸ் போதும். இரண்டில் பழைய குறிப்பின் பீர், ஒன்றில் புதியது; எது எதில் என்று சொல்லாமல் நண்பர்கள் பலரிடம் தனித்தனியே கொடுத்து, வேறானதைக் கேட்க வேண்டும். மூன்றில் ஒருவர் குருட்டாம்போக்கிலேயே சரியாகச் சொல்லிவிடுவார். அதற்கு மேல் ஆள் தேறாவிட்டால், புதிதாகச் சேர்த்த மால்ட்டை அடுத்த குறிப்பிலிருந்து தயங்காமல் அடித்துவிடலாம்.