கொழிஞ்சிப் பசுந்தாள் உரம்

கொழிஞ்சியை அறியாத குடியானவர் நம் நாட்டில் இலர். வரப்பிலும் பாதை ஓரத்திலும் மணற்பாங்கான தரிசிலும் தானே முளைக்கும் அச்செடியைக் களையென்று எண்ணிப் பலர் பிடுங்கி எறிகின்றனர். ஒருபோக நன்செய்க்கு இது செலவின்றிக் கிடைக்கும் உரமாகும். உரமூட்டைக்குக் கடன்படுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

செடியின் இயல்பு

கொழிஞ்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூ செந்நீல நிறமுடையது, காய் தட்டையானது. சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால், அது குறுக்கே நேராகக் கிழியாது, அம்பு முனைபோல் பிளவுபடும். செடியை அடையாளம் காண இதுவே எளிய வழி. ஆணிவேர் ஆழமாகச் செல்வதால் கோடை வறட்சியைத் தாங்கும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்துச் செடிக்கு அளிக்கின்றன. ஆடு மாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை. ஆகவே அறுவடைக்குப்பின் கால்நடைகள் தாராளமாகத் திரியும் கிராமங்களிலும், வேலியோ காவலோ இன்றி இதனை வளர்க்கலாம்.

விதைக்கும் முறை

மணல் கலந்த இலேசான நிலம் ஏற்றது. நீர் தேங்கும் நிலத்திற்கும் உவர் நிலத்திற்கும் தக்கைப்பூண்டே தகும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை வேண்டும். சம்பா அறுவடையானதும், ஈரம் காயுமுன் இலேசாக உழுது விதைக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கொழிஞ்சி விதையின் தோல் மெழுகு போன்று நீர் புகாதது. சில ஆண்டுகட்கு முன் யான் ஒரு குடியானவருக்கு விதை அளித்தபோது இதனைக் கூறத் தவறினேன். ஒரு மாதம் கழித்துச் சென்று பார்க்க, அங்கொன்றும் இங்கொன்றுமாகவே முளைத்திருந்தது. "சொத்தை விதையைக் கொடுத்து என் ஈரத்தை வீணாக்கிவிட்டீர்களே, ஐயா" என்றார் அவர். விதையின்மீது குற்றமில்லை, குற்றம் என்னுடையதே. மீதியிருந்த விதையைப் பருமணலுடன் கலந்து, உரலிலிட்டு, உடையாதவாறு தேய்த்து, அவர் முன்னிலையிலேயே ஈரச்சாக்கில் கட்டிவைத்தேன். சில நாட்களில் பெரும்பாலும் முளைத்தன. கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் இட்டு எடுத்தும் விதைக்கலாம்.

மடக்கி உழுதல்

முதலாண்டில் வளர்ச்சி மெதுவாகவே இருக்கும், மனந்தளரலாகாது. பூக்கும் பருவத்தில் நீர் பாய்ச்சி மடக்கி உழுது, 10 முதல் 15 நாள் மக்கவிட்டு, பின்னர் நடவு செய்ய வேண்டும். நன்கு வளர்ந்த கொழிஞ்சி ஏக்கருக்கு ஏறக்குறைய 2½ டன் பசுந்தாள் தரும். வயலின் ஒரு பகுதியைக் காய் முற்றும்வரை விட்டுவைத்தால், விதை உதிர்ந்து மண்ணில் தங்கும். இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டு செய்தால், பின்னர் விதைக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அறுவடைக்குப்பின் தானே முளைக்கும்.

இலையிலும் விதையிலும் மீனை மயக்கும் நஞ்சு உண்டு. ஆதலின் மீன் வளர்க்கும் குட்டைகளில் தழையை இடுதல் கூடாது.

கிராம அதிகாரிகளுக்கு

புறம்போக்கிலும் பாதை ஓரத்திலும் உள்ள கொழிஞ்சியைக் காய் முற்றுமுன் அழிக்கவிடாது காத்து, நெற்றுகளைச் சேகரிக்க ஊராரைத் தூண்டுதல் வேண்டும். விதைக்கு வெளியூரை நாடாத கிராமம் உரத்திற்கும் பெரும்பாலும் பிறரை நாட வேண்டியதில்லை. வரும் அறுவடைக்குப்பின் ஒவ்வொருவரும் கால் ஏக்கரிலேனும் விதைத்துப் பயனைத் தாமே காண்பாராக.