நோயாளர் மொழியும் மருத்துவமும்

நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தினை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவனும் தீர்ப்பவனும் ஒரு மொழியினர் என்பது அங்கே சொல்லாமலே அமைந்து கிடந்தது. அவ்வமைதி குலைந்தவிடத்து ஐந்தாவதாக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டப்படுகின்றார். இரத்தத்தை ஆராயவும் உடலினுள்ளே நோக்கவும் கருவிகள் மலிந்த இந்நாளிலும், நோவு எப்பொழுது தொடங்கிற்று, எத்தன்மையது என்பவற்றை நோயாளரின் வாயே கூறவேண்டும்.

1980ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்றாகும். கியூபக் குடும்பமொன்றைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞன் கடுந் தலையிடியால் வருந்தி நினைவிழந்தான். வீட்டார் 'இன்டொக்சிகாடோ' என்றனர். அவர்தம் வழக்கில் அச்சொல் உண்டதோ குடித்ததோ ஒவ்வாமையால் வந்த கேட்டைக் குறிப்பது. வைத்தியரோ ஒலியொத்த ஆங்கிலச் சொல்லை எண்ணி, போதைமருந்தை மிகையாக உட்கொண்டான் எனத் துணிந்தனர். மூளையினுள் இரத்தம் பெருகியிருந்தமை இரண்டு நாட்களின் பின்னரே புலப்பட்டது. இளைஞனுக்குக் கைகால் நான்கும் வழங்காவாயின. மொழிபெயர்ப்பாளரை எவரும் அழைத்திலர். இரு திறத்தாரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டதாகவே எண்ணியிருந்தனர்.

நோயாளரின் மொழியிலேயே வைத்தியர் கற்றல் வேண்டும் என்பதை நம் நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளின் முன்னரே செயலிற் காட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார். அமெரிக்க மிசனைச் சார்ந்த இவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவங் கற்பித்தார். மதம் பரப்புதலும் அவர் நோக்கமென்பதைச் சைவராகிய நாம் மறந்திலேம். அதனால் அவர் பணி சிறுமையுறாது. தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலங் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி அகல்வர், தமிழிற் கற்றவரோ ஊரவரோடு ஊரவராய் இருப்பர் என்பது அவர் கருத்து. 'இரணவைத்தியம்' 1867இலும், கிறே என்பாரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. கலைச்சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடினார். அது கிடையாவிடத்து வடசொல்லைக் கொண்டார். அதுவும் இல்லாதவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அமைத்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். 1873இல் அவர் தாய்நாடு மீண்டபின் அந்நெறி நெடிது நிலைக்கவில்லை.

நூல்கள் தமிழில் அமைந்தாற் போதுமோவெனின், போதாது. அங்காதிபாதம் என்னுஞ் சொல்லை எந்த நோயாளரும் வைத்தியரிடம் கூறப்போவதில்லை. அவர் கூறுவன குத்து, உளைவு, கடுப்பு, எரிவு என்பன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நோவு; 'வலி' என்ற ஒரு சொல்லில் அடக்கினால் நோய்க்குறி பாதி மறைந்துபோம். ஊருக்கூர் வேறுபாடும் உண்டு. மலையகத்தார் 'பேதி' என்பது வயிற்றோட்டத்தை. யாழ்ப்பாணத்தவர் செவிக்கோ அது பேதிமருந்து குடித்தலையே நினைவூட்டும். தமிழ் வைத்தியரும் இங்கே வழுக்கி விழலாம்.

இன்று யாழ்ப்பாணத்து மருத்துவபீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. உலகத்து ஆராய்ச்சியோடு ஒட்டி நிற்றற்கு அது வேண்டுவதே. கவலை பிறிதோரிடத்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும், நுவரெலியா, பதுளைப் பகுதிகளிலே தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி, தமிழறியாத வைத்தியர்முன் நிற்க நேர்கின்றது. அப்பொழுது உடன்வந்த மகனோ, அருகில் நின்ற சிற்றூழியரோ மொழிபெயர்ப்பாளர் ஆகின்றனர். பத்து வயது மகன் கேட்டுநிற்க, தாயானவள் தன் மாதவிடாய்க் கோளாற்றை எங்ஙனம் உரைப்பாள்? உரைப்பினும் அவன் எதனை விட்டு எதனைச் சொல்வான்?

பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலைகளில் அமர்த்துதல் அரசின் கடன். செலவு மிகுமென்பார் தவறான சிகிச்சையின் செலவையும் உடன் கணக்கிடுக. செலவின்றிச் செய்யத்தக்கனவும் உள. மருந்துறையின்மீது நோயாளரின் மொழியிலே வேளையும் அளவும் எழுதலாம். மருந்து கொடுத்தபின், அதனை எப்பொழுது எவ்வளவு உட்கொள்வீர் என்று நோயாளரையே திருப்பிக் கூறச் செய்யலாம். 'விளங்கிற்றா?' என்று மட்டும் வினவுதல் பயன் தாராது. அவ்வினாவுக்கு, வைத்தியர்முன் ஒடுங்கி நிற்கும் நம்மவர் விளங்காதபோதும் 'ஓம் ஐயா' என்றே விடை கூறுவர்.