கங்காரு எலியும் நானும்

வெளியூர்ப் பிரயாணம் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு உண்டா, சகோதரிகளே? எனக்கு இருந்தது. பஸ்ஸோ, ரயிலோ, காரோ, "வழியில் அவசரம் என்றால் எங்கே போவது?" என்ற கவலையில் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. முப்பது வருஷமாக அப்படியே ஓட்டினேன். அந்தப் பழக்கம் ஒரு பாலைவனத்தில் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, அங்கே நான் எடுத்த போட்டோக்களின் கதையையும்!

என் மகள் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் இருக்கிறாள். ஒரு மார்ச் மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பேரனுக்குப் பள்ளி விடுமுறை வந்தது. "நாலு நாள் பாலைவனப் பூங்காக்களைச் சுற்றி வரலாம்" என்று திட்டம் போட்டார்கள்.

"பாலைவனத்துல பார்க்க என்ன இருக்கு? நம்ம தேரிக்காடு மாதிரி மணல்தானே?" என்றேன். நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. செம்மணல் தேரியைப் பார்த்தே வளர்ந்தவள்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தம்முடைய பழைய காமிராவை என் கையில் கொடுத்தார். "அத்தை, இந்தத் தடவை நீங்கதான் போட்டோ எடுக்கணும்" என்றார்.

எங்கள் வீட்டில் காமிரா எப்போதும் ஆண்கள் கையில்தான். நாம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எதிரே நிற்கிறவர்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

தாயுள்ளம் கொண்ட அந்துப்பூச்சி

முதலில் போனது ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே சுமார் மூன்று மணி நேரக் கார் பிரயாணம். உருண்டு திரண்ட பாறைக் குவியல்களுக்கு நடுவே, கைகளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி விசித்திரமான மரங்கள். தாழை மடல் போலக் கூரான இலைகள். அவைதான் ஜோஷுவா மரங்கள்.

போய் இறங்கியபோது உச்சி வெயில். ஆசையோடு இருபது, முப்பது படம் எடுத்துத் தள்ளினேன். பார்த்தால், எல்லாமே வெளிறிப்போய், உப்பில்லாத குழம்பு மாதிரி இருந்தன! "வெயில் தலைக்கு மேலே இருந்தா நிழலே விழாது, அத்தை. நிழல் இல்லாட்டா மேடு பள்ளம் தெரியாது. காலையிலயும் சாயங்காலமும் எடுங்க" என்றார் மாப்பிள்ளை. சாயங்காலம் அதே மரத்தை, சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது எடுத்தேன். அடேயப்பா! மரப்பட்டையின் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஒரு மரத்தில் வெண்மையான பூங்கொத்து. கிட்டே போய்ப் படம் எடுக்கும்போது மகள் ஒரு விஷயம் சொன்னாள். இந்தப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வது யுக்கா அந்துப்பூச்சி ஒன்றுதானாம். பெண் பூச்சி மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி எடுத்துக்கொண்டு இன்னொரு பூவுக்குப் போகும். அங்கே முட்டையிடும். பிறகு அந்த மகரந்தத்தைச் சூல்முடியில் வைத்து அழுத்தும். அப்போதுதானே விதை உண்டாகும்? முட்டையிலிருந்து வரும் புழுக்கள் அந்த விதைகளில் கொஞ்சத்தைத் தின்று வளரும். மீதி விதை மரத்துக்கு. பிள்ளை பிறக்கும் முன்பே அதற்குச் சோறு தேடி வைக்கிற தாய்! பூச்சி இல்லாவிட்டால் மரம் இல்லை, மரம் இல்லாவிட்டால் பூச்சி இல்லை.

இந்தப் பூங்கா உருவானதற்குக் காரணம் ஒரு பெண் என்று தெரிந்தபோது எனக்கு ஒரே பெருமை. மினர்வா ஹாய்ட் என்ற அந்த அம்மாள் மகனையும் கணவரையும் பறிகொடுத்தவர். பாலைவனத்தில் ஆறுதல் தேடினார். ஜனங்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்துக்காகக் கள்ளிச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு போவதைக் கண்டு மனம் பொறுக்காமல், நியூயார்க், லண்டன் வரை பாலைச் செடிகளின் கண்காட்சி நடத்தினார். அவருடைய முயற்சியால் 1936-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். 1994-இல் அது தேசியப் பூங்காவானது.

இங்கே சோயா என்று ஒரு கள்ளி. அஸ்தமன சமயத்தில் சூரியனுக்கு எதிராக வைத்து எடுத்தால் முள்ளெல்லாம் வெள்ளிக் கம்பிபோல ஜொலிக்கும். அழகில் மயங்கிக் கிட்டே போனேனா, ஒரு துண்டு என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டது. கையால் எடுக்கப் போன என்னை மகள் தடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். முள்ளுக்கும் துணிக்கும் நடுவே சீப்பைக் கொடுத்து ஒரே நெம்பு! துண்டு தெறித்து விழுந்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் சீப்பு எடுத்துப்போக மறக்காதீர்கள்.

மணல் மேட்டில் மயக்கம்

அங்கிருந்து வடக்கே பல மணி நேரப் பிரயாணம் செய்து டெத் வேலி போய்ச் சேர்ந்தோம். 'மரணப் பள்ளத்தாக்கு' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. 1913 ஜூலை 10-ஆம் தேதி இங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலகத்தின் அதிகபட்ச வெப்ப அளவாக ஏற்கப்பட்டிருக்கிறது. நல்லவேளை, நாங்கள் போனது மார்ச்.

மறுநாள் விடியுமுன்பே மெஸ்கிட் ஃபிளாட் மணல் மேடுகளுக்குக் கிளம்பினோம். வழக்கம்போல அரை தம்ளர் காப்பி மட்டும் குடித்தேன். தண்ணீர் தொடவில்லை. "மணல்காட்டில் கழிவறைக்கு எங்கே போவது?" என்ற பழைய கவலைதான்.

சூரியன் மலைக்கு மேலே எட்டிப் பார்த்ததும் நடந்ததை எழுதத் தெரியவில்லை. ஒவ்வொரு மணல் மேடும் ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் நீலநிழலாகவும் மாறியது. ராத்திரிக் காற்று மணலில் கோலம் போட்டு வைத்திருந்தது. அந்தக் கோலத்தின் குறுக்கே குட்டிக் குட்டிக் காலடிகள், நடுவே வால் இழுபட்ட கோடு.

"கங்காரு எலி ஆச்சி!" என்றான் பேரன். ராத்திரியில் மட்டும் வெளியே வரும் இந்த எலி தண்ணீரே குடிக்காமல் வாழும். தின்கிற விதையிலிருந்தே உடம்புக்கு வேண்டிய நீரை எடுத்துக்கொள்ளும். மண்டியிட்டு அந்தக் காலடியைப் படம் எடுத்தேன். மணல் படத்தில் மங்கலாக விழுந்தது. வெளிச்சமான மணலைக் காமிரா தானாகவே மங்கலாக்கிவிடுமாம். வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானை ஒரு படி ஏற்றியதும் சரியாக வந்தது.

அடுத்த மேடு, அதற்கடுத்த மேடு என்று போய்க்கொண்டே இருந்தேன். மணி பத்தரை. தலை விண்விண்ணென்று வலித்தது. குமட்டியது. கெண்டைக்காலில் சுளுக்குப் பிடித்த மாதிரி இழுத்தது. கண் மங்கியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆச்சிக்கு என்னாச்சு?" என்று பேரன் அழ ஆரம்பித்தான். அங்கே போனில் சிக்னலும் கிடையாது. மாப்பிள்ளை குடையை விரித்து நிழல் பிடித்தார். மகள் துப்பட்டாவை நனைத்து என் கழுத்திலும் முகத்திலும் போட்டாள். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். அரைமணி கழித்துத்தான் தலை நிமிர்ந்தது.

என் பையைத் திறந்து பார்த்தவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு லிட்டர் பாட்டில் மூடி திறக்காமல் கிடந்தது! "கங்காரு எலிதாம்மா தண்ணி குடிக்காம இருக்கும். நீங்க கங்காரு எலி இல்ல!" என்றாள்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். வறண்ட காற்றில் வியர்வை வந்த நொடியே காய்ந்துவிடும். "வியர்க்கவே இல்லையே" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டிருக்கும். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மெல்ல நடந்து திரும்பி வந்தபோது, கார் நிறுத்தும் இடத்திலேயே கழிவறை இருந்தது! காலை இருட்டில் நான் கவனிக்கவுமில்லை, வாய் திறந்து கேட்கவுமில்லை.

மறுநாள் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புத் தரையில் நின்றேன். கையில் காமிரா. தோளில் பாட்டில். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உப்புக் கடலையோ பிஸ்கட்டோ சேர்த்துச் சாப்பிடுங்கள்.
* வெயில் காலத்தில் காலை பத்து மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். தொப்பி, முழுக்கை பருத்தி உடை அவசியம்.
* தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போங்கள். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது ஆபத்து. உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவ உதவி தேடுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.
* குழந்தைகளைப் பூட்டிய காரில் ஒரு நிமிஷம்கூட விடாதீர்கள்.
* காமிராக் கண்ணாடியில் மணல் பட்டால் முந்தானையால் துடைக்காதீர்கள், கீறல் விழும். மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். காற்றடிக்கும்போது காமிராவைப் பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள்.
* பூ, கல் எதையும் எடுத்துவர வேண்டாம். படம் மட்டும் போதும்.

பாலைவனம் என்ன, நம் ஊர் பஸ் பிரயாணத்துக்கும் இது பொருந்தும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும் வர வழியுண்டு. கழிவறை எங்கே என்று கேட்பதில் என்ன வெட்கம்? கிளம்புமுன் கேட்டு வைத்துக்கொள்வோமே!

அந்தக் காலடிப் படத்தைச் சட்டம் போட்டு, அடுக்களையில் மண்பானைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், "இது என்ன, மணலில் ஏதோ கோடு?" என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே அவர்களுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, நானும் ஒரு தம்ளர் குடிக்கிறேன்.